கொழும்பில் தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் 6 வயதுப் பிள்ளைக்கு, தன்னைப் போல இல்லாதவர்களைப் பற்றிய கதைப் புத்தகங்களை எப்படித் தெரிவுசெய்து வாசித்துக் காட்டுவது?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: வெள்ளவத்தை, 6 வயது மகள், தமிழ் மொழிமூலம், மற்ற இனத்தவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அவள் மதித்துப் பழக வேண்டும், அதற்கு என்ன புத்தகம் வாங்கலாம். மிச்சத்தை நானாக ஊகித்துக்கொள்கிறேன். தொடர்மாடி வீடு. வகுப்பில் எல்லாரும் தமிழ் பேசும் பிள்ளைகள். கேற்றில் நிற்கும் செக்கியூரிட்டி சிங்களவர், கீழே இருக்கும் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது, வீட்டு வேலைக்கு வருபவர் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தவர்.

அப்படியென்றால் உங்கள் மகள் எல்லாச் சமூகத்தவரையும் தினமும் காண்கிறாள். ஆனால் கேற் திறப்பவராக, சாமான் கட்டித் தருபவராக, கோப்பை கழுவுபவராகக் காண்கிறாள். தன் வயதில், பல் விழுந்த, அம்மாவிடம் ஏச்சு வாங்குகிற ஒரு சிங்களப் பிள்ளையையோ தோட்டத்துப் பிள்ளையையோ கிட்ட இருந்து பார்க்க அவளுக்கு வழியில்லை. சிங்களமும் தமிழும் ஒரே மதிலுக்குள் இருக்கிற பாடசாலையில்கூட வகுப்பறை வேறு வேறுதான். புத்தகம் நிரப்ப வேண்டிய இடம் அதுதான். அதனால் ஆபிரிக்கா, ஜப்பான் என்று தேடத் தொடங்காதீர்கள். மருதானை, ஹட்டன், புத்தளம் என்று தொடங்குங்கள். தூர தேசம் பிறகு வரட்டும்.

அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990 இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரையை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். சில புத்தகங்கள் பிள்ளைக்குத் தன்னையே காட்டும் கண்ணாடி, சில மற்றவர்களைக் காட்டும் யன்னல், சில உள்ளே நுழையக்கூடிய கதவு என்றார் அவர். பலர் கவனிக்காமல் விடுவது அதன் அடுத்த பகுதியை: கண்ணாடி மட்டுமே கிடைக்கும் பிள்ளைக்கும் அது கெடுதல்தான், உலகத்தில் தன் இடம் எவ்வளவு என்பது பற்றிப் பிழையான கணக்கோடு அது வளரும். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985 இல் எண்ணிப் பார்த்தபோது, அந்த ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பின எழுத்தாளர்களோ ஓவியர்களோ செய்தவை வெறும் 18. எண்ணிய பிறகுதான் இல்லாதது கண்ணில் பட்டது.

நீங்களும் எண்ணுங்கள். வீட்டில் இருக்கும் கதைப் புத்தகங்களை எல்லாம் நிலத்தில் பரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். கதையில் யார் எதையாவது ஆசைப்பட்டு அதற்காக ஓடித் திரிவது? யார் தேத்தண்ணி கொண்டு வருவது, மூட்டை தூக்குவது, திருடுவது? அவர்களின் தோல் எந்த நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது? நம்முடைய படக்கதைகளில் இளவரசி வெள்ளையாகவும் அரக்கன் கறுப்பாகவும் இருப்பது அவ்வளவு பழகிப்போன விஷயம் என்பதால் பெரியவர்களுக்குக் கண்ணில் குத்துவதில்லை. பிள்ளைக்கு அது பதிந்துவிடும். ஆரம்பத்தில் 10 புத்தகத்துக்கு 4 அவள் வீட்டைப் போன்ற வீட்டுக் கதையாகவும், 6 வேறு வீட்டுக் கதையாகவும் இருந்தால் போதும்.

வாங்கும்போது அட்டையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கடையில் நின்றபடியே முழுவதையும் வாசியுங்கள், படப் புத்தகம் வாசிக்க 5 நிமிடம்கூட ஆகாது. மூன்று வகையை விலக்குங்கள். முதலாவது, பண்டிகைப் புத்தகம். வெசாக் கூடு, நோன்புக் கஞ்சி, பொங்கல் பானை, நத்தார் மரம் என்று பக்கத்துக்கு ஒரு சமூகம் வந்து போகும். கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் இதை மட்டுமே பார்க்கும் பிள்ளைக்கு மற்றவர்கள் வருடத்தில் ஒரு நாள் புது உடுப்பு உடுத்துக்கொண்டு வருபவர்களாகவே நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் சப்பாத்து தொலைந்துபோய் அழுகிற முஸ்லிம் பிள்ளையின் கதை இதைவிட நூறு மடங்கு வேலை செய்யும்.

இரண்டாவது, உடற்குறை உள்ள பிள்ளை கடைசியில் ஏதோ சாகசம் செய்து ஊரைக் காப்பாற்ற, அதன்பிறகே மற்றப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளும் கதை. திறமையைக் காட்டினால்தான் விளையாட வரலாம் என்ற பாடம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் குணமாகிவிடும் கதையும் அதே வகைதான். மூன்றாவது, கடைசி வரியில் நீதி எழுதியிருப்பது. பிள்ளை யோசிக்க வேண்டியதை அந்த வரி யோசித்து முடித்துவிடுகிறது. நல்ல புத்தகமாக இருந்து இந்த ஒரு வரி மட்டும் உறுத்தினால், வாங்குங்கள். வாசிக்கும்போது அந்த வரியை விட்டுவிடுங்கள்.

இனி, வாசிக்கும் விதம். இதில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். காலிமுகத்திடல், பின்னேரம். சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி, மடியில் பட்டம். புல்தரைக்கு இறங்க இரண்டு படி. அவளுடைய அண்ணன் ஒரு பலகையை இழுத்து வருகிறான். உடனே எழுத்தை வாசிக்காதீர்கள். பத்து எண்ணும் நேரம் படத்தை மட்டும் பார்க்க விடுங்கள். பிறகு, "இங்க என்ன நடக்குது?" என்று கேளுங்கள். "அந்த அக்காவுக்கு நடக்க ஏலாது" என்பாள். இந்த இடத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் "ஓம், பாவம் என்ன?" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புவோம். அந்தக் கணத்திலிருந்து உங்கள் மகள் அந்தச் சிறுமியை மேலே இருந்து கீழே பார்க்கத் தொடங்குவாள். அதற்குப் பதில், "ஓம், அவ சக்கர நாற்காலியில போறவ. இப்ப அவவுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். "பட்டம் விட வேணும்." "எது விடுகுதில்லை?" என்று கேட்டால், படத்தில் அவள் விரல் படியில் போய் நிற்கும். காலில் அல்ல, படியில். அதற்கு மேல் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். அடுத்த நாள் காலி வீதி நடைபாதையில் உடைந்த சீமெந்து விளிம்பைக் காட்டி, "அந்த அக்கா இதால எப்படிப் போவா?" என்று அவளே கேட்கக்கூடும். கேட்காவிட்டாலும் குறையில்லை.

இப்படிக் கேட்டுக் கேட்டு வாசிக்கும் முறையை குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1988 இல் ஆய்வாக வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சிக்காக அமைத்த முறை அது. ஓம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியைத் தவிர்ப்பது, பிள்ளை சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்வது, அவள் ஆர்வத்தின் பின்னால் போவது, இவைதான் அதன் சாரம். ஒரு வாசிப்புக்கு 3 கேள்விக்கு மேல் வேண்டாம், கூடினால் பரீட்சையாகிவிடும். முதல் நாள் கேள்வியே இல்லாமல் கதையை ஓடவிட்டு, இரண்டாம் மூன்றாம் நாள் கேட்பது இன்னும் நல்லது. ஒரே புத்தகத்தை அவள் நாலைந்து தரம் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். முதல் தரம் வித்தியாசம் மட்டும் தெரியும், பிறகுதான் அந்தப் பிள்ளை தெரியும்.

"எல்லாரும் ஒண்டுதான்" என்று சொல்லி முடிப்பதும் உதவாது. ஒன்று இல்லை என்று அவள் கண்ணுக்குத் தெரிகிறது. 3 மாதக் குழந்தைகள்கூடத் தாம் பார்த்துப் பழகிய இனத்தின் முகங்களை அதிக நேரம் பார்ப்பதாக 2005 இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. புதிதாகப் பிறந்த குழந்தைகளிடம் அது இல்லை. நாம் பேசாமல் இருந்தால் பிள்ளை கவனிக்காது என்பது பொய். "அவங்கட வீட்டில சிங்களம் கதைப்பாங்க, எங்கட வீட்டில தமிழ்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பஸ்ஸில் சத்தமாக "அந்த அன்ரி ஏன் முகத்தை மூடியிருக்கிறா?" என்று கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். வாயைப் பொத்தினால், அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். "அவங்கட சமயத்தில சில பேர் அப்படி உடுப்பாங்க" என்ற ஒரு வசனம், சாதாரணக் குரலில், போதும்.

இதை வாசிக்கும் சிலர் "மற்றச் சமயக் கதை வாசித்தால் பிள்ளை குழம்பிவிடும்" என்று சொல்வார்கள் என்று தெரியும். நான் சமயப் பாடம் படிப்பிக்கச் சொல்லவில்லை. பள்ளிவாசலுக்குப் போகும் ஒரு பையனுடைய பந்து கூரையில் சிக்கிய கதையை வாசித்தால் யாருக்கும் நம்பிக்கை மாறாது. "அரசியலைப் பிள்ளைக்குள் திணிக்கிறீர்கள்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலையகத்துப் பிள்ளையைப் பற்றிய கதையை 6 வயதுக்கு வாசிக்கும்போது மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டமோ, அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ வரத் தேவையில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வாசலில் கோழிக்குஞ்சைத் தேடும் ஒரு பிள்ளை போதும். 10, 11 வயதில் அவள் "ஏன் அவங்களுக்கு லயம்?" என்று கேட்பாள், அப்போது அந்த வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள். கொழும்புத் தமிழ் வீடுகளில் தோட்டத்து மக்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் சர்வசாதாரணமாக விழும் சொற்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாசிப்பதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இன்னொன்றையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. நம் ஊரில் தரம் 3 வந்ததுமே கதைப் புத்தகம் அலுமாரிக்கு மேலே போய்விடுகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள், கடந்தகால வினாத்தாள், பின்னேரம் ரியூஷன், சனிக்கிழமை இன்னொரு ரியூஷன். வினாத்தாள் கட்டுக்குத் தயங்காமல் காசு கொடுக்கும் பெற்றோர், அதில் பாதி விலைக் கதைப் புத்தகத்தை "இதைப் படிச்சு என்ன வரப்போகுது?" என்று திருப்பி வைக்கிறார்கள். 8 வயதுப் பிள்ளை நித்திரை தூங்கி விழ விழ விடை அடையாளம் போடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இரவில் 15 நிமிட வாசிப்பை இப்போதே வழக்கமாக்கிவிடுங்கள், பிறகு எந்த ரியூஷன் வந்தாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

புத்தகம் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து வரும் படப் புத்தகங்களின் விலை பலருக்கு எட்டாமல் போய்விட்டது. அதனால் இலவசமாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள். பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை. 6 வயதுக்கு வாசித்துக் காட்ட இரண்டாம் நிலை சரியாக இருக்கும், அவளே எழுத்துக்கூட்டி வாசிக்க முதலாம் நிலை. ஏசியா பவுண்டேஷனின் லெட்ஸ் ரீட் தளத்தில் சிங்களம், தமிழ் இரண்டிலும் புத்தகங்கள் உண்டு. இந்தியத் தமிழில் இருக்கும் சொற்கள் அவளுக்குப் புரியாவிட்டால் வாசிக்கும்போதே நம் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போனில் காட்டுவதைவிட அச்சிடுவது மேல், போனில் பிள்ளை படத்தில் தங்காமல் விரலால் தள்ளிக்கொண்டே போகும். அகலவாக்கில் வரும் புத்தகத்தை ஏ4 தாளில், ஒரு பக்கத்தில் மட்டும், கொஞ்சம் தடித்த 120 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டு இடது ஓரம் ஸ்பைரல் போடச் சொல்லுங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் நிறம் மறுபக்கம் தெரியும். உயரவாக்கில் வருவது என்றால், தாளை நடுவில் மடித்துச் செய்யும் புக்லெட் முறை: இரண்டு பக்கமும், குறுகிய விளிம்பில் திருப்பி, 16 பக்கத்துக்கு 4 தாள். திருப்பும் விளிம்பை மாற்றிக் கொடுத்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும், அதனால் முதலில் ஒரு தாளை மட்டும் அடித்துப் பாருங்கள். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பின் நடுவுக்கு எட்டாது. அதை விரித்து, கீழே தடித்த மட்டையை வைத்து அழுத்தி, ஸ்டேப்ளர் கம்பியின் கால்களைக் கையால் மடக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள கடைசிப் பக்கத்தை வெட்டிவிட வேண்டாம், உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.

சிங்களப் படப் புத்தகங்களையும் வாங்குங்கள். சிங்களச் சிறுவர் நூல்களை எழுதி வரைந்த சிபில் வெத்தசிங்கவின் (1927–2020) படங்களில் வரும் கிராமத்து மனிதர்களுக்கு மொழி தெரியாமலே பிள்ளைகள் சிரிப்பார்கள். உங்களுக்குச் சிங்களம் சரளமாக வராவிட்டால், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசித்துக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தைத் திருப்பினால் போதும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் கதை துண்டு துண்டாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தமிழில் சொல்லுங்கள், அடுத்த நாள் முழுக்கச் சிங்களத்தில் கேட்கவிடுங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் சிங்களச் சிறுவர் நூல்கள் குவிந்திருக்கும், சனி ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் காலையிலேயே போனால் நின்று வாசிக்க இடம் கிடைக்கும். அதுவரை, விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே இருக்கும் கொழும்பு பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அவளையும் கூட்டிப் போய், ஒன்றை நீங்களும் ஒன்றை அவளும் தெரிவுசெய்யுங்கள். அவள் எடுத்தது எதுவாக இருந்தாலும் மறுக்காதீர்கள்.