மும்பையில் நாலு நாள்: பர்ஸும் கரையாமல், நாக்கும் சலிக்காமல்

"டிசம்பரில் நாலு நாள் மும்பை போகிறோம். தாதரில் தங்குகிறோம். நான், கணவர், 11 வயது மகன், மாமியார். மாமியார் சுத்த சைவம், வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. கணவருக்கு மீன் இல்லாமல் முடியாது. போன வருடம் வேறொரு பெருநகரத்தில், சுற்றுலா இடத்துக்கு எதிரிலேயே இருந்த ஓட்டலில் நுழைந்து, 2,800 ரூபாய் கொடுத்துவிட்டு அரை வயிறோடு வெளியே வந்தோம். பையன் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். இந்த முறை கையைக் கடிக்கக் கூடாது, சாப்பிடப் போவதே ஒரு கொண்டாட்டமாகவும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஊரில் அப்படி இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தாதரில் தங்குகிறீர்கள் என்று படித்ததுமே எனக்கு நிம்மதி. மேற்கு ரயில் பாதையும் மத்திய ரயில் பாதையும் சந்திக்கிற இடம் அது. நான் சொல்லப்போகும் கடைகளில் சில அங்கிருந்து நடக்கிற தூரம், மீதி ரயிலில் போகிற தூரம்.

முதலில் தேடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மும்பைக்காரர்கள் "நல்ல ஓட்டல் எது?" என்று ஒருவரையொருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "மிசல் எங்கே நல்லா இருக்கும்?", "பாவ் பாஜி எங்கே?" என்றுதான் கேட்பார்கள். அங்கே பழைய கடை ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்டம் உண்டு, அந்தப் பண்டத்துக்கு ஒரு வேளையும் உண்டு. அந்த இரண்டும் தெரிந்தால் போதும். போன வருடம் உங்களுக்கு நடந்தது இதன் எதிர்ப்பக்கம். எல்லா ஊர்ச் சாப்பாட்டையும் எல்லா நேரமும் தருகிற கடை, திரும்பி வராத வாடிக்கையாளரை நம்பி நடக்கிற கடை.

அதனால் தங்கும் விடுதியிலோ டாக்ஸிக்காரரிடமோ "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காதீர்கள். விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்து ஏசி ஓட்டலைக் காட்டுவார்கள். "நீங்க மதியம் எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். போனில் தேடும்போதும் பண்டத்தின் பெயரையும் பேட்டையின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்: "மிசல் தாதர்", "பூரி பாஜி சிஎஸ்எம்டி" என்று. (சிஎஸ்எம்டி என்பது தென் மும்பையின் பெரிய ரயில் நிலையம், சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்.) நட்சத்திரங்களை எண்ணுவதைவிடப் படங்களைப் பாருங்கள். யாராவது விலைப் பலகையைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். அது சமீபத்தில் எடுத்ததுதானா என்று பார்த்துக்கொண்டால் பட்ஜெட் அங்கேயே முடிவாகிவிடும். 60 பேர் மட்டும் வானளாவப் புகழ்ந்த கடையைவிட, ஆயிரக்கணக்கானவர்கள் "கூட்டம், காத்திருந்தோம், பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள்" என்று குறைப்பட்டுக்கொண்டே பாராட்டிய கடையைத்தான் நான் தேர்வு செய்வேன்.

மேஜையைப் பகிர்வது அங்கே சகஜம். நாலு பேர் மேஜையில் இரண்டு இடம் காலி என்றால் முன்பின் தெரியாத இருவரை உட்கார வைத்துவிடுவார்கள். சங்கடப்பட வேண்டாம். எதிரே இருப்பவரிடம் "இது என்ன?" என்று கேட்டால் அன்றைக்கு நீங்கள் சாப்பிட வேண்டியது எது என்று அவரே சொல்லிவிடுவார்.

சரி, மாமியாரிடமிருந்து தொடங்குவோம். அவர் வயிறு நிறைந்தால்தான் உங்களுக்கு ஊர் பார்க்க மனம் இருக்கும். தாதரிலிருந்து மத்திய பாதையில் அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. (மேற்குப் பாதையில் இருப்பது மாட்டுங்கா ரோடு, அது வேறு. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டியில் ஏறுங்கள்.) கிழக்குப் பக்கம் இறங்கினால் கனகாம்பரமும் வாழையிலையும் காப்பிப் பொடி வாசனையுமாக ஒரு கடைத்தெரு. தமிழ் காதில் விழும்.

"மும்பை வரைக்கும் போய் இட்லியா?" என்று பையன் கேட்பான். கேட்கட்டும். வேலை தேடி பம்பாய்க்கு வந்த தென்னிந்திய குமாஸ்தாக்களுக்கும் தட்டச்சர்களுக்கும் சோறு போடத் தொடங்கிய கடைகள் இவை. பெரும்பாலும் உடுப்பிப் பக்கத்துக்காரர்கள் நடத்துவது. இத்தனை வருடங்களில் அது மும்பையின் சாப்பாடாகவே ஆகிவிட்டது. 1939-இல் தொடங்கிய ராம் ஆஷ்ரயா விடியற்காலையிலேயே திறந்துவிடும். அங்கே கேசரியை 'ஷீரா' என்பார்கள். இன்றைக்கு எந்தப் பழத்தில் ஷீரா என்று பலகையில் எழுதியிருக்கும். அன்னாசி ஷீரா கிடைத்தால் விடாதீர்கள். 1940-இல் வந்த கஃபே மெட்ராஸில் ரச வடையும் ராகி இட்லியும் சாப்பிடலாம். இரண்டிலும் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியிருக்கும். ஞாயிறு காலை போனால் நிறையவே நிற்க வேண்டியிருக்கும், அதனால் வார நாளில் எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

மதியத்துக்கு என் மனதுக்கு நெருக்கமான இடம், ஸ்டேஷனை ஒட்டி மாடியில் இருக்கும் ஏ. ராம நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-இலிருந்து நடக்கிறது. அளவுச் சாப்பாடு தட்டில், அளவில்லாச் சாப்பாடு இலையில். மாட்டுங்காவில் ஒண்டிக்குடித்தனம் இருந்த நாட்களில், மாதச் சம்பளம் வந்த முதல் ஞாயிறு எனக்கு இலைச் சாப்பாட்டு நாள். கூப்பன் வாங்கிக்கொண்டு காத்திருப்போம். உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும். இலை, தண்ணீர் தெளிப்பு, பொரியல், கூட்டு, ஆவி பறக்கும் சோறு. சாம்பாரில் லேசாக ஒரு தித்திப்பு. ஈரோட்டு நாக்குக்கு முதல் கவளத்தில் அது இடறும், மூன்றாவதில் பழகிவிடும். பரிமாறுகிறவர் ரசத்தோடு திரும்பி வரும்போது, இலையை ஒட்டிக் கையைக் குழித்து வாங்கிக் குடிக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியாருக்கு அங்கே ஒன்றும் அந்நியமாக இருக்காது.

வெங்காயம் பூண்டு விஷயத்தில் மும்பை உங்களுக்கு எல்லா ஊரையும்விட வசதி. ஒரே சொல் போதும்: 'ஜெயின்'. குஜராத்தி, மார்வாடி ஜெயின்கள் நிறைய இருக்கும் ஊர் என்பதால், பாவ் பாஜி முதல் பீட்சா வரை "ஜெயின்" என்று சொன்னால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் போடாமல் செய்து தருவார்கள். இன்னொரு சொல் 'உப்வாஸ்'. மராட்டியர்களின் விரதச் சாப்பாடு. ஜவ்வரிசியும் வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் சேர்ந்த சாபுதானா கிச்சடி, அதையே உருட்டிப் பொரித்த சாபுதானா வடை. விரதத்துக்கானது என்பதால் வெங்காயம் பூண்டு இருக்காது.

தாதர் மேற்கில் பிரகாஷ் என்ற சின்னக் கடையில் அந்த வடை கிடைக்கும். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். கூடவே பியூஷ் என்று ஒரு பானம், தயிரும் சர்க்கரையும் குங்குமப்பூவும் சேர்ந்தது. பையன் இரண்டு டம்ளர் கேட்பான். அதே பக்கத்தில் ஆஸ்வாத். அந்தக் கடையின் மிசல் பாவுக்கு 2015-இல் லண்டனில் உலகின் சுவையான சைவ உணவு என்று விருது கொடுத்தார்கள். முளைகட்டிய பயறு, காரக் குழம்பு, மேலே மிக்சர், பச்சை வெங்காயம். இது உங்களுக்குத்தான். மாமியாருக்கு வேண்டாம்.

கணவருக்கு மால்வணிக் கடைகள். கொங்கண் கடற்கரைச் சமையல். தாதர், மாகிம் பக்கம் நிறைய உண்டு. 'கோமந்தக்', 'மால்வணி' என்று பெயர்ப் பலகையில் பார்த்தால் நுழையலாம். மீன் தாலி என்று கேட்டால் வறுத்த மீன் துண்டு, தேங்காய்க் குழம்பு, சோறு, சப்பாத்தி அல்லது பாக்ரி என்ற தடித்த ரொட்டி, ஒரு சின்னக் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக சோல்கடி வரும். கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது, கடைசியில் குடிக்க வேண்டும். பாங்க்டா என்றால் நம் அயிலை, சுர்மயி என்றால் வஞ்சிரம், பாப்லெட் என்றால் வாவல். பாங்க்டா தாலிதான் மலிவு. ருசியிலும் குறை சொல்ல முடியாது. விலைக்கு நேரே 'ஏபிஎஸ்' என்று போட்டிருந்தால் 'மீனின் அளவைப் பொறுத்து' என்று அர்த்தம். அதை மட்டும் விலை கேட்காமல் சொல்லிவிடாதீர்கள், போன வருடத்து பில் மறுபடி வந்துவிடும். டிசம்பரில் போவது நல்லது. மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடை.

பையனுக்குத் தென் மும்பை நாள். கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்த்துவிட்டுப் பசியோடு கொலாபாவில் சுற்றாதீர்கள். சிஎஸ்எம்டி பக்கம் வந்துவிடுங்கள். அங்கே பஞ்சம் பூரிவாலாவில் பூரி பாஜி, நூறு வருடம் தாண்டிய கடை, உட்கார்ந்து எழ பதினைந்து நிமிடம், நாலு பேர் சாப்பிட்டாலும் பர்ஸ் தாங்கும்.

நாலு மணிக்கு மெட்ரோ சினிமா பக்கம் கியானி. 1904-இலிருந்து இருக்கும் இரானி டீக்கடை. இரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள் ஒரு காலத்தில் தெருமுனைக்குத் தெருமுனை நடத்திய கடைகள், இப்போது கொஞ்சம்தான் மிச்சம். உயரமான கூரை, வளைந்த முதுகு வைத்த மர நாற்காலிகள், கண்ணாடி ஜாடிகளில் பிஸ்கட். பன் மஸ்கா சொல்லுங்கள். இனிப்புப் பன்னைக் குறுக்கே வெட்டி, ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவித் துண்டு போட்டு வரும். டீயில் ஒரு முனையை முக்கி எடுக்கையில் வெண்ணெய் உருகி டீயின் மேல் மஞ்சள் வட்டங்களாக மிதக்கும். பையனுக்கு அது ஒன்றே போதும். கெட்டியான மேலோடு வேண்டுமென்றால் ப்ரூன் மஸ்கா. மாவா (பால்கோவா) கேக்கில் முட்டை உண்டு, மாமியாருக்குச் சொல்லிவிடுங்கள். பழைய கடைகளுக்குப் போகும்போது சில்லறை ரொக்கம் கையில் இருக்கட்டும்.

சாயங்காலம் சர்ச்கேட்டில் கே. ருஸ்தம். 1953-இல் தொடங்கியது. தடிமனான ஐஸ்கிரீம் பாளத்தை இரண்டு மெல்லிய வேஃபருக்கு நடுவே வைத்துத் தாளில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். எடுத்துக்கொண்டு மரைன் டிரைவுக்கு நடந்தால் சூரியன் மறைவதற்குச் சரியாக இருக்கும்.

இன்னொரு நாள் இரவு காட்கோபர் கிழக்கின் காவ் கல்லி. 'தின்னும் சந்து' என்று அர்த்தம். குஜராத்திப் பேட்டை, கிட்டத்தட்ட முழுக்க சைவம். சீன தோசை, சீஸ் தோசை, ஐஸ்கிரீம் தோசை என்று நம் தோசைக்கு அங்கே நடப்பதைப் பையன் பார்க்க வேண்டும். மும்பை மில் தொழிலாளர்களின் அவசரச் சாப்பாடாகப் பிறந்த பாவ் பாஜியையும் அங்கேயே சொல்லுங்கள். அகலமான கல்லின் ஓரத்தில் வெந்த காய்க்கூழ் குவியலாக இருக்கும். ஒரு கரண்டி நடுவுக்கு வரும், வெண்ணெய்க்கட்டி விழும், மத்தால் தட்டித் தட்டி மசிக்கிற சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். பாணி பூரி சாப்பிட்டால் கடைசியில் 'சூக்கா பூரி' கேளுங்கள். தண்ணீர் இல்லாத அந்த ஒன்று இலவசம், அது வழக்கம். வயிறு சீக்கிரம் கெடுகிறவர்கள் பாணி பூரியையும் ஐஸ் போட்டதையும் விட்டுவிட்டு, கண் முன்னால் சூடாக வருவதை மட்டும் சாப்பிடுங்கள்.

பில் பற்றி நாலு வார்த்தை. சேவைக் கட்டணம் என்று 5, 10 சதவீதம் சேர்த்திருந்தால் அதைக் கொடுப்பது உங்கள் விருப்பம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி வேறு, அது கொடுத்தே ஆக வேண்டும். பல கடைகளில் கீழே சாதா, மாடியில் ஏசி. சமையலறை ஒன்றுதான், விலை இரண்டு. உட்கார்ந்ததும் பாட்டில் தண்ணீரை வைப்பார்கள், சாதா தண்ணீர் வேண்டுமென்றால் 'ரெகுலர் பானி' என்று சொல்லுங்கள். 'பெர்மிட் ரூம்' என்று போட்டிருந்தால் அது மது பரிமாறும் இடம்.

தாதரிலிருந்து காலை 8 முதல் 11 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் லோக்கல் ரயிலில் மாமியாரை ஏற்ற முயலாதீர்கள். அந்த நேரங்களில் தாதரைச் சுற்றியே சாப்பிடும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவைத் திங்கட்கிழமையில் வைக்க வேண்டாம், அங்கே பழைய கடைகள் பலவற்றுக்கு அன்று விடுமுறை.

ஊர் திரும்பும் நாளில் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே வடா பாவ் வாங்குங்கள், பாவ் பன்னுக்கு நடுவே உருளைக்கிழங்கு போண்டா வைத்தது. 1966-இல் அசோக் வைத்யா என்பவர் அந்த ஸ்டேஷன் வாசலில்தான் அதை முதலில் விற்றார் என்பார்கள். இன்றைக்கும் தெருக்கடையில் ஒன்று 20, 30 ரூபாய்தான். சட்னியைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், பாவ் ஊறிப்போகாது. மாமியாருக்குப் பிரகாஷிலிருந்து சாபுதானா வடை. ரயிலில் ஏறி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் இரண்டுமே நன்றாக இருக்காது.