அறைச் சண்டை இருக்கட்டும், அடுப்படியில் யார் நின்றது?

கேள்வி: கடலோரத்தில் ஒரு காட்டேஜ் எடுத்து நாங்களும் கொழுந்தன் குடும்பமும் ஐந்து நாள் தங்கினோம். பெரியவர்கள் நாலு பேர், குழந்தைகள் மூன்று, கூடவே முட்டிவலி உள்ள அத்தை. வாடகை இரண்டு குடும்பத்துக்கும் சரிபாதி. ஆனால் போய் இறங்கியதுமே கடல் தெரியும் பெரிய அறையை ஓரகத்தி பிடித்துக்கொண்டாள், எங்களுக்குப் பின்பக்கத்துப் புழுக்கமான அறை. சமையலை அத்தையே பார்த்துக்கொண்டதால் அந்தக் கவலை மட்டும் இல்லை. வாடகையில் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தவறா? அடுத்த வருடமும் போகலாம் என்கிறார்கள், எனக்கு மனசே இல்லை.

பதில்: அறைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நல்ல அறை எடுப்பவர் கூடக் கொடுக்க வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே பேச வேண்டும். இப்போது கேட்டால் பணமும் வராது, பேச்சுவார்த்தையும் நின்றுபோகும். விடுங்கள்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "சமையலை அத்தையே பார்த்துக்கொண்டதால் அந்தக் கவலை மட்டும் இல்லை." யாருக்குக் கவலை இல்லை? எட்டுப் பேர், மூன்று வேளை, ஐந்து நாள் என்றால் 120 சாப்பாடு. அதுவும் பழக்கமில்லாத அடுப்பு, எது எங்கே இருக்கிறதென்று தெரியாத அலமாரி, மணலோடு உள்ளே ஓடிவந்து "பசிக்குது" என்று நிற்கும் பிள்ளைகள். சமையலறையோடு வாடகைக்கு விடும் வீடு ஹோட்டலைவிடச் சிக்கனம் என்று எல்லோரும் எடுக்கிறோம், அந்த மிச்சத்தை யாரோ ஒருவர் நின்றே கழிக்கிறார். உங்கள் வீட்டில் அது முட்டிவலிக்காரர். ஓரகத்தியின் சன்னலில் கடல் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை எங்கே படுத்தார், ஒரு நாளாவது தண்ணீரில் கால் நனைத்தாரா என்று ஒரு வார்த்தை இல்லை.

"அவருக்குச் சமைப்பதில்தான் சந்தோஷம், உட்காருங்கள் என்றாலும் கேட்கமாட்டார்" என்பீர்கள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொல்லும் "உட்காருங்கள் அத்தை"யை எந்த மாமியார் நம்புவார்? கத்தியைக் கையிலிருந்து வாங்கிவிட்டுச் சொன்னால்தான் அது பேச்சு. உங்களை மட்டும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், என் கோபம் முதலில் அவர்கள் மேல்தான். அம்மாவை ஊருக்குக் கூட்டிப்போனோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அடுப்படியை மாற்றிக் கொடுத்ததற்குப் பெயர் கூட்டிப்போவதா? வயதானவரைக் கூட அழைத்துப்போனால் அவருக்கு ஓய்வு கொடுப்பது பிள்ளைகளின் கடமை, மருமகள்களின் பெருந்தன்மை அல்ல. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சரி, அடுத்த வருடம் போங்கள். முன்பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது சன்னலைப் பற்றி அல்ல. கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா, கடற்கரைக்கு எத்தனை படி இறங்க வேண்டும், பிடித்து இறங்கக் கைப்பிடி உண்டா, குளியலறைத் தரை வழுக்குமா. அந்தக் கீழ்த்தளத்து அறை அத்தைக்கு, சீட்டுக் குலுக்க வேண்டாம். மதியச் சாப்பாடு வெளியில். காலையும் இரவும் பெரியவர்கள் நாலு பேரும் முறைவைத்துச் செய்யுங்கள், ஆண்களும்தான், ரொட்டியும் முட்டையும் மட்டுமே வருமென்றால் அதையே சாப்பிடுங்கள்.

அப்புறம், உலர்ந்த மணலில் கால் புதையும், முட்டிவலிக்காரருக்கு அது தண்டனை. கடல் உள்வாங்கிய நேரத்தில் தண்ணீர் ஓரத்து ஈரமணல் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், அங்கே கையைப் பிடித்து நடத்துங்கள். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கணவர் செய்யட்டும் அந்த வேலையை.

இதெல்லாம் பேசும் முன்பு அத்தையிடம் தனியாக, வர விருப்பமா என்று கேளுங்கள். "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் வராவிட்டால் சமையலுக்கு என்ன செய்வது என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.