மருமகனின் மனசு மாமனாருக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு அதே வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கும் ஒரு வாவி மீனவரைப் பற்றிச் சிறுகதை எழுதி அனுப்பியுள்ளேன். அவரே ‘நான்’ என்று சொல்வதாக எழுதியிருக்கிறேன். பாத்திரங்களில் உயிர் இல்லை, ‘அவர்’ என்று மாற்று என்கிறான் நண்பன். மாற்றட்டுமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: அவசரப்பட வேண்டாம் தம்பி. இரண்டு தரம் வாசித்தேன். ‘நான்’ பிழையில்லை, அந்த ‘நான்’ எங்கே நின்று பார்க்கிறார் என்பதைப் பாதியில் மறந்துவிட்டீர்கள். “மருமகன் உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போனான்” என்கிறார் மாமனார். அவருக்கு எப்படித் தெரியும்? விடியப்புறம் தோணியைக் கட்டிவிட்டு வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வளவுக்குள் வருகிறவருக்குத் தெரிவதெல்லாம், கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்ற மருமகன் இவரைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டது மட்டும்தான். அதை எழுதுங்கள். அது வெட்கமா வெறுப்பா என்று அவரே குழம்பட்டும், பிழையாக விளங்கிக்கொண்டாலும் நல்லதுதான், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று அங்கேதான் நமக்குப் பிடிபடும்.

‘அவர்’ என்று மாற்றினாலும் இந்தக் கேள்வி விடாது. படர்க்கையில் ஒருவரோடு ஒட்டி நின்று அவர் காண்பதை மட்டும் சொல்லலாம், எல்லார் மனசுக்குள்ளும் போய்வரவும் செய்யலாம். கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊரே கூடுகிற கதை என்றால் இரண்டாவது பொருந்தும். மூன்றே பேர் உள்ள ஒரு வளவுக்கு அது தேவையில்லை.

பேச்சையும் பாருங்கள். மூவரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். கிழவர் ‘மறுகா’ என்பார், கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வந்த மருமகன் ‘பிறகு’ என்பான், இவ்வளவு போதும், வரிக்கு வரி வட்டாரச் சொல்லைக் கொட்ட வேண்டாம்.

எனக்கென்னவோ மகள் மேல்தான் கண். வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில், ஆனால் கதையில் அவளுக்கு இரண்டே வரி! அப்பா கொண்டுவந்த இறாலைக் குசினியில் உரித்துக்கொண்டு, கொட்டிலில் அவர் இருமுவதையும் விறாந்தையில் புருஷன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதையும் ஒரே நேரத்தில் கேட்கிறவள் அவள்தான். கறியை இரண்டு கோப்பையில் பிரிக்கும்போது எதில் ஒரு அகப்பை கூட விழுகிறது? அந்த ஒரு காட்சியை அவள் பக்கம் நின்று எழுதிப் பாருங்கள், யார் கதை சொல்வது என்பதை அப்புறம் முடிவெடுக்கலாம்.