விருந்துக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு சுவிஸ் வாட்ச் பிராண்டின் வட்டார அலுவலகத்தில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். சேகரிப்பாளர்களிடையே ஒரு சமூகத்தை உருவாக்கும்படி தலைமையகம் சொல்கிறது. அதிகம் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு நட்சத்திர ஹோட்டலில் இரண்டு முறை விருந்து வைத்தோம். வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். அதில் நாங்கள் போடும் புது மாடல் படங்களைத் தவிர ஒரு பேச்சும் இல்லை. எங்கே பிசகுகிறது?

பதில்: நீங்கள் கூட்டியது உங்கள் பில் புத்தகத்தை. அதிகம் வாங்கியவர்கள் என்பதைத் தவிர அந்த ஹோட்டல் அறையில் இருந்தவர்களுக்குள் பொதுவாக ஒன்றும் இல்லை. ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வாங்கியிருப்பார், இன்னொருவர் முதலீடு என்று நினைத்து வாங்கியிருப்பார். அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்?

சேகரிப்பாளர்கள் தாங்களாகக் கூடும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ரெட்பார் என்ற குழு 2007-இல் நியூயார்க்கில், ஒரு பாரில் சந்தித்து வாட்சுகளைக் காட்டிக்கொண்ட நண்பர்களிடமிருந்து தொடங்கியது. இன்று பல நாட்டு நகரங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. அது எந்த பிராண்டுக்கும் சொந்தமில்லை. இப்படிப்பட்ட கூட்டங்களில் மேசைமேல் மெத்தென்ற துணி ஒன்றை விரித்து, எல்லோரும் வாட்சைக் கழற்றி வைப்பார்கள். விலை உச்சத்தில் இருக்கும் பட்டேக் பிலிப் பக்கத்திலேயே மலிவான சீக்கோ 5 கிடக்கும். அடுத்தவர் வாட்சை எடுக்கும் முன் கேட்பார்கள். தன் உலோகப் பட்டை உரசிக் கீறிவிடக் கூடாதென்று கையில் இருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் தொடுவார்கள். விலையைக் கேட்பது அங்கே நாகரிகமில்லை. பழுப்பேறிய ஒரு பழைய டயலை லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, முள் அசலா மாற்றியதா என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள். அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, நீங்கள் தேடும் சமூகம் அதுதான். ஷாம்பெயின் ஊற்றி அதை வரவழைக்க முடியாது.

பிராண்ட் தொடங்காமலே ஒரு சமூகம் வளர்ந்ததற்கு நல்ல உதாரணம் ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டர் வாட்ச். 2012-இல் ஒரு செவ்வாய்க்கிழமை, ராபர்ட்-யான் ப்ரூர் என்ற டச்சு வாட்ச் எழுத்தாளர் தன் ஸ்பீட்மாஸ்டர் படத்தை ‘ஸ்பீடி ட்யூஸ்டே’ என்று குறிப்பிட்டு இணையத்தில் போட்டார். செவ்வாய்தோறும் மற்றவர்களும் போடத் தொடங்கினார்கள். ஒமேகா அதைக் கைப்பற்றப் பார்க்காமல் வளரவிட்டது. சுமார் ஐந்து ஆண்டு கழித்து, 2017 ஜனவரியில்தான் அந்தப் பெயரிலேயே ஒரு வாட்சை வெளியிட்டது. சமூகம் தொடங்கிய ஆண்டை நினைவுபடுத்தும் விதமாக மொத்தம் 2012 வாட்சுகள். இணையத்தில் முன்பதிவு திறந்த நான்கு மணி நேரச் சொச்சத்தில் அத்தனையும் தீர்ந்தன. அதே வரிசையில் அடுத்த ஆண்டு வந்த அல்ட்ராமேன் பதிப்பு இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அந்த வேகத்தைத்தான் உங்கள் தலைமையகம் பார்க்கும். நீங்கள் டயலைப் பாருங்கள். 2017 பதிப்பின் டயலுக்குள் இருக்கும் சிறு வட்டங்களில் எண்கள் நேராக நிற்காமல் மையத்தைச் சுற்றிச் சாய்ந்து நிற்கும். 1978-இல் நாசாவுக்காகச் செய்த அலாஸ்கா 3 என்ற ஸ்பீட்மாஸ்டரில் இருந்த அமைப்பு அது. கடைக்கு வரும் நூறு பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். ஆனால் செவ்வாய்க்கிழமைக்காரர்களுக்குப் பார்த்த உடனே தெரியும். தங்களைக் கவனித்த ஒருவர் தொழிற்சாலைக்குள் இருக்கிறார் என்பதும் கூடவே தெரியும்.

சேகரிப்பாளர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை அதே பிராண்டே சங்கடமான வழியிலும் அறிந்துகொண்டது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில், 1957-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் என்று சொல்லப்பட்ட ஒரு வாட்ச் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேலே போனது. எடுத்தது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். அதன் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சேகரிப்பு உலகத்தில் ஆராய்பவர்கள் எழுதிய பிறகு, 2023-இல் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று நிறுவனமே சொன்னது; முன்னாள் ஊழியர்களின் பங்கும் வெளியே வந்தது. ஆகவே பிராண்ட் வரலாற்றைப் பற்றிச் சேகரிப்பாளர் முன்னால் மெருகேற்றிப் பேசாதீர்கள். ஆவணக் காப்பகத்தைத் திறந்து காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். அடுத்த விருந்துக்கு ஒதுக்கிய பணத்தில் சர்வீஸ் சென்டரின் மூத்த வாட்ச்மேக்கரையோ, டயலை வடிவமைத்தவரையோ வரவழையுங்கள். பன்னிரண்டு பேர் போதும். வாட்சை ஓட்டும் உள் இயந்திரமான மூவ்மென்ட் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், எந்த பாகம் அடிக்கடி தேய்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். விற்பனைப் பிரிவினர் அன்றைக்கு அறையில் இருக்கக் கூடாது. இது என் ஒரே பிடிவாதம். துபாயில் செதீக்கி குடும்பம் 2015-இல் தொடங்கிய துபாய் வாட்ச் வீக் என்ற வாட்ச் விழாவும் விற்பனையை ஓரங்கட்டி, பேச்சையும் பயிற்சியையும் முன்னே வைத்துத்தான் பெயர் வாங்கியது. அவர்கள் பரம்பரை வியாபாரிகள் என்பதை மறக்க வேண்டாம்!

யாரை அழைப்பது? எவ்வளவு வாங்கினார் என்று பார்க்காதீர்கள். செகண்ட் ஹேண்டில் உங்கள் பிராண்டின் ஒரே ஒரு வாட்சை வாங்கி, அதன் சீரியல் எண்ணைத் துருவிக்கொண்டிருக்கும் இளைஞர் இருப்பார். அவரை முதலில் கூப்பிடுங்கள். உங்களைத் திட்டி எழுதுபவர் ஒருவரையும் கூப்பிடுங்கள். கிடைக்காத மாடலை வாங்க வரிசையில் இடம் பிடிக்கும் வழியாக இந்தக் கூட்டம் ஒருநாளும் ஆகிவிடக் கூடாது. அப்படி ஆகிவிட்டால் எல்லோரும் உங்கள் முகத்துக்கு நேரே புகழ்வார்கள், உண்மையை வேறெங்கோ பேசுவார்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் பாதுகாப்பு. அந்த மேசைமேல் ஒரு வீட்டு விலைக்கு வாட்ச் கிடக்கலாம். கூட்டம் நடக்கும்போதே படம் போடாதீர்கள். முகமும் பெயரும் இடமும் வெளியே போக வேண்டாம், உரிமையாளர் அனுமதி இல்லாமல் கை மட்டும் தெரியும் படம்கூட வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகத்தைச் சேகரிப்பாளர்கள் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் சாதாரண உறுப்பினராக இருங்கள். உங்கள் வாட்சில் குறை இருக்கிறதென்று யாராவது எழுதினால் அழிக்கச் சொல்லாதீர்கள். சர்வீஸ் சென்டரில் விசாரித்து இரண்டு நாளில் பதில் போடுங்கள். உதிரி பாகம் வர எட்டு மாதம் ஆகும் என்றால் எட்டு மாதம் என்றே எழுதுங்கள்.

லிமிடெட் எடிஷன் ஆசை தலைமையகத்துக்குச் சீக்கிரமே வரும். முதல் வருடம் தடுத்துவிடுங்கள். எம்பி அண்ட் எஃப் என்ற சிறிய சுவிஸ் வாட்ச் நிறுவனம் எம்.ஏ.டி.1 வாட்சைக் கொண்டுவந்தபோது, அதை முதலில் தந்தது ஏற்கெனவே தன் வாட்ச் வைத்திருந்தவர்களுக்கும் தன்னோடு வேலை செய்த கைவினைஞர்களுக்கும்தான். அதுவும் அந்த நிறுவனத்தின் வழக்கமான விலையில் ஒரு துளி விலைக்கு. வெளியார் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த ஆண்டு குலுக்கல் முறையில் பொதுமக்களுக்கும் திறந்தது. உங்களிடம் அப்படிக் கேட்க ஆள் வரும்வரை பொறுங்கள். வந்தால், மூன்று மாதிரி டயல்களை மேசைமேல் போட்டு, எது வேண்டாம் என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

இதனால் எத்தனை வாட்ச் விற்றது என்று ஆறாம் மாதமே கேட்பார்கள். அந்தக் கணக்கைக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏற்பாடு செய்யாமல், அவர்களே கூடிய சந்திப்புகள் எத்தனை, அவற்றில் உங்களை எத்தனைக்கு அழைத்தார்கள் என்ற கணக்கைக் கொடுங்கள். முதல் ஆறு மாதத்தில் இரண்டுமே பூஜ்ஜியமாக இருக்கக்கூடும் என்று திட்ட அறிக்கையிலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள்.