மியான்மரின் மாகாண முதல்வர்: வாழ்க்கைக் குறிப்பை எப்படி எழுதுவது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மண்டலே பிராந்திய முதல்வராக இருந்த டாக்டர் ஸோ மியின் மாங் பற்றிக் கல்லூரிக் கருத்தரங்குக்குச் சிறு குறிப்பு எழுதுகிறேன். 1990இல் தேர்தலில் வென்றவர் என்கிறார்கள். அப்புறம் 2012 வரை எந்தப் பதவியும் இல்லை. நடுவில் என்ன ஆனது? ‘மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர்’ என்று எழுதலாமா?”

முதலில் அந்த இடைவெளி. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அவருடைய அரசியல் வாழ்க்கையே அங்கேதான் இருக்கிறது. மருத்துவம் படித்த அவர், 1990 மே மாதத் தேர்தலில் ஆங் சான் சூ கியின் தேசிய ஜனநாயக லீக் கட்சி சார்பில் மண்டலேயை ஒட்டிய அமரபுராவில் வென்றார். மொத்தம் 485 இடங்களில் 392 அந்தக் கட்சிக்கே கிடைத்தன. ராணுவம் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. வென்றவர்கள் சிலர் தாங்களே அரசு அமைப்பது பற்றிப் பேசினார்கள். அதற்காக அந்த ஆண்டின் இறுதியில் அவரும் கைதாகி, 25 ஆண்டு தண்டனை பெற்றார். இன்செய்ன் சிறையில் இருந்தபோது, உள்ளே நடக்கும் கொடுமைகளைக் கைதிகள் எழுதி ஐ.நா.வுக்கு அனுப்ப முயன்ற வழக்கில் 1996இல் கூடுதல் தண்டனையும் விழுந்தது. வெளியே வந்தது 2009இல். ஆகவே ‘1990–2009: பதவி இல்லை’ என்று எழுதுவது பெரிய அநியாயம். ‘வென்றார், பதவியேற்க விடப்படவில்லை, சிறையில் இருந்தார்’ என்று மூன்றையும் எழுதுங்கள்.

2012 இடைத்தேர்தலில் கீழவையான பியிது ஹ்லுட்டோவுக்குப் போனார். 2015 நவம்பரில் மறுபடி அமரபுரா, இம்முறை பிராந்திய அவைக்கு. 2016இல் முதல்வர்.

சரி, ‘மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர்’ எனலாமா? கூடாது. அவை உறுப்பினராக அவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். முதல்வராக நியமித்தவர் குடியரசுத் தலைவர். 2008 அரசியலமைப்பின்படி, ஏழு மாநிலங்கள், ஏழு பிராந்தியங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. அந்தந்த அவை உறுப்பினர்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுத்து அவைக்கு அனுப்புவார். அப்படித் தேர்ந்தெடுத்தவருக்குத் தகுதி இல்லையென்று தெளிவாக நிரூபித்தால் ஒழிய அவையால் மறுக்க முடியாது. இந்திய மாநில முதல்வரைப் போல அவையில் பெரும்பான்மை காட்டி வருகிற பதவி அல்ல இது. ராக்கைன் மாநிலத்தைப் பாருங்கள்: 2015இல் அங்கே அதிக இடம் பிடித்தது ராக்கைன் இனத்தவரின் அரக்கான் தேசியக் கட்சி. ஆனால் முதல்வரானவர் தேசிய ஜனநாயக லீக்கின் நியி பு. ராக்கைன் மக்களுக்கு அந்தக் கசப்பு லேசில் போகவில்லை.

அதிகாரமும் அரைகுறைதான். பிராந்திய அவையில் கால்வாசி இருக்கைகள் ராணுவத்தினருக்கு. பாதுகாப்பு, எல்லை விவகார அமைச்சராக முதல்வரின் அமைச்சரவையில் உட்காருபவர், தலைமைத் தளபதி அனுப்பும் அதிகாரி. வட்டம், கிராமம் வரை நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பொது நிர்வாகத் துறை, 2018 இறுதி வரை ராணுவத்தின் கைக்குள் இருந்த உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கியது. ஸோ மியின் மாங்கின் சாதனை, குறைகளை எடைபோடும்போது இதை மனதில் வையுங்கள். அவரால் ஒரு வட்ட நிர்வாக அதிகாரியைக்கூடத் தன் விருப்பப்படி நியமிக்க முடியவில்லை.

பெயரைச் சுருக்கி ‘மாங்’ என்று எழுதாதீர்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முழுப் பெயரையே போடுங்கள்.

பதவிக்கால முடிவுக்கு ‘2021 பிப்ரவரி 1, ராணுவப் புரட்சியில் கைது’ என்று எழுதுங்கள். ‘பதவி விலகினார்’ என்றோ ‘பதவிக்காலம் முடிந்தது’ என்றோ வேண்டாம். ரத்தப் புற்றுநோயோடு மறுபடி சிறைவாசம். 2024 அக்டோபர் 7 அன்று மண்டலேயில் இறந்தார். ‘இவருக்குப் பின் வந்தவர்’ என்ற இடத்தில் யார் பெயரைப் போட்டாலும், ராணுவம் அமர்த்தியவர் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.