இரைச்சலில் பேச்சு: ஒரு காதா, இரண்டு காதா?

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. ஒரு காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஒலியை மின்துடிப்பாக்கிக் கேட்கும் நரம்புக்கு அனுப்ப அறுவை சிகிச்சையில் வைக்கும் கருவி). வீட்டில் நன்றாகப் பேசுகிறாள். கல்யாண மண்டபத்தில் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. மேப்பிங்கில் (கருவியின் அளவுகளைச் சரிசெய்யும்போது) சத்தத்தைக் கூட்டச் சொல்லலாமா மேடம்?

பதில்: வேண்டாங்க. சத்தம் போதாததால் வரும் சிக்கல் இல்லை இது. நல்ல காதில் ஒலியை நரம்புக்குக் கடத்த சுமார் 3,500 மயிர்ச்செல்கள் உண்டு. இம்ப்ளாண்டில் இருப்பது 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் (நரம்பைத் தூண்டும் மின்முனைகள்). பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளின் மின்சாரம் கலந்தும்விடும். அமைதியான அறையில் பேச்சுக்கு இது போதும். மேளம் சேர்ந்ததும் குரலைத் தனியே பிரிக்க முடியாது. கூட்டினால் மேளமும் சேர்ந்துதான் கூடும். இம்ப்ளாண்ட் இருக்கும் பக்கமாகப் போய், முகம் தெரிகிற மாதிரி பேசுங்கள்.

கேள்வி: அப்போ இன்னொரு காதுக்கும் வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: முழுக்க ஆகாது. ஆனாலும் முடிந்தால் தள்ளிப்போடாமல் வையுங்கள் என்றுதான் சொல்வேன். வலப்பக்கம் மிக்ஸி ஓடுகிறது, இடப்பக்கம் நீங்கள் பேசுகிறீர்கள். மிக்ஸியின் கீச்சுச் சத்தத்தைத் தலை மறைத்துவிடுவதால் இடது காதில் உங்கள் பேச்சு தெளிவாக விழும். இம்ப்ளாண்ட் வலது காதில் மட்டும் இருந்தால்? இரைச்சல்தான் கிடைக்கும். இரண்டிலும் இருந்தால் ஏதோ ஒரு காது நல்ல பக்கத்தில் இருக்கும். பெரிய லாபம் இதுதான்.

இயல்பான காதுகளுக்கு இன்னொரு திறமையும் உண்டு. பக்கவாட்டு ஒலி ஒரு காதைவிட மற்றதை அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் பிந்தி எட்டும். அதை வைத்தும் மூளை குரலைப் பிரிக்கும். இரண்டு ப்ராசசர்களும் (இம்ப்ளாண்டின் வெளியே மாட்டும் பகுதிகள்) பெரும்பாலும் தனித்தனியே துடிப்புகளை அனுப்புவதால் அந்த நுண்ணிய வித்தியாசம் சரியாகப் போய்ச் சேராது. அதை எதிர்பார்க்காதீர்கள். முதல் இம்ப்ளாண்டுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி நீண்டால் இரண்டாவது காது தேறுவது கடினம். இங்கிலாந்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு காதிலும் வைக்கும் பரிந்துரை 2009இலேயே வந்துவிட்டது.

கேள்வி: எனக்கு வயது 61. இடது காதில் இம்ப்ளாண்ட் வைத்தபின் வலது காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டேன். தேவையா?

பதில்: மறுபடி போட்டுப் பாருங்கள் ஐயா. குரலின் ஏற்ற இறக்கம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. இம்ப்ளாண்ட் தடுமாறும் இடமும் அதுதான். வலது காதில் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சம் இருந்தாலே கூட்டத்தில் கைகொடுக்கும். இரண்டையும் ஒரே ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) சேர்த்துச் சரிபாருங்கள்.

கேள்வி: என் வகுப்பில் இம்ப்ளாண்ட் வைத்த மாணவன் இருக்கிறான். முன்பெஞ்சு போதுமா?

பதில்: போதாது டீச்சர். ரிமோட் மைக் கிடைத்தால் வாய்க்கு ஒரு சாண் தள்ளிச் சேலையில் குத்திக்கொள்ளுங்கள்; உங்கள் குரல் நேராக ப்ராசசருக்குப் போகும். இரைச்சலில் இதைவிட உதவும் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. பின்பெஞ்சுப் பிள்ளை கேள்வி கேட்டால் அது மைக்கில் விழாது. நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.