முதலில் தண்ணீர், அப்புறம் பெரிய திரை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களை மைதானத்துக்கே வந்து பார்க்கும் ரசிகர்களுக்கு, அந்த நாளை இன்னும் நல்ல நாளாக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் (நடு வடக்குப்) பகுதியில் ஒரு பல்கலைக்கழக ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் இந்த ஃபுட்பாலை இங்கே வந்த பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏழு வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். அதற்கு முன் இரண்டு சீசன், எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு நிதி சேர்க்க, மைதானத்துக்குள் இருக்கும் தின்பண்டக் கடையில் நின்றேன். இங்கே பல மைதானங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. தேவாலயக் குழு, பள்ளி பேண்டுக்காரர்களின் பெற்றோர் என்று ஏதாவது ஓர் அமைப்பு கடைக்கு ஆள் கொடுக்கும். விற்பனையில் ஒரு பங்கு அந்த அமைப்புக்குப் போகும். அதனால் வரிசையில் நிற்பவரின் தவிப்பும் தெரியும், கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் தவிப்பும் தெரியும்.

வீட்டில் டிவி இருக்கிறது. படம் மைதானத்தில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும், கழிப்பறைக்கு வரிசை இல்லை, மழையும் இல்லை. அந்த வசதியோடு போட்டி போட்டு எந்த மைதானமும் ஜெயிக்கப் போவதில்லை. ஆனால் பேண்டு வாத்தியம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்வதும், முன்பின் தெரியாத ஒருவர் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் பெறும் புள்ளிகள்) விழுந்ததும் நம்மைக் கட்டிப்பிடிப்பதும் டிவியில் கிடைக்காது. மக்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். அதை அனுபவிக்க விடாமல் தடுப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாலே போதும் என்பது என் கருத்து. அவையெல்லாம் மிகச் சாதாரண விஷயங்கள்.

முதலாவது தண்ணீர். 2007 செப்டம்பரில் ஆர்லாண்டோவில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் புது மைதானம் திறந்தது. எதிரணி டெக்சாஸ், அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால் அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு குடிநீர்க் குழாய்கூட இல்லை. விலைக்கு விற்ற தண்ணீர் பாட்டில்களும் தீர்ந்துவிட்டன. ஃப்ளோரிடா வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பலர் வெயிலால் பாதிக்கப்பட்டார்கள், சிலர் மருத்துவமனைக்கே போக வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் குழாய்கள் பொருத்தினார்கள். புதிதாகக் கட்டிய மைதானத்திலேயே இதை யாரும் யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரை ஒரு செப்டம்பர் மாத ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது 71 வயது. உச்சி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம், அலுமினிய பெஞ்ச், எங்கள் பகுதிக்குப் பக்கத்திலிருந்த ஒரே குழாயில் நாற்பது பேர் வரிசை. படிக்கட்டில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட இல்லை. இரண்டாவது குவார்ட்டர் (ஆட்டம் நாலு கால் பகுதிகளாக நடக்கும்) தொடங்குவதற்குள் அவருக்குத் தலை சுற்றியது. கீழே நிழலில் ஒரு தூணோரம் உட்கார வைத்துவிட்டு நான் தண்ணீருக்கு நின்றேன். மேலே லட்சம் பேர் கத்தும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அந்த ஆட்டத்தில் அவர் கண்ணால் பார்த்தது முதல் குவார்ட்டர் மட்டுமே. காலி பாட்டிலை உள்ளே கொண்டுவர அனுமதியுங்கள், நிரப்பிக்கொள்ளப் பத்து இடம் வையுங்கள், படிகளுக்கு நடுவில் கைப்பிடிக் கம்பி போடுங்கள். இந்த மூன்றும் செய்த பிறகு மைதானத்தின் பெரிய வீடியோ திரைக்குச் செலவழிக்கலாம்.

அடுத்தது கடை வரிசை. கல்லூரி ஆட்டத்தில் இடைவேளை 20 நிமிடம். அந்த 20 நிமிடத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வருவார்கள். நாங்கள் ஆறு பேர் கடையில் இருப்போம். ஹாட் டாக் தயாராக இருக்கும், நாச்சோஸ் தயாராக இருக்கும், வரிசை மட்டும் நகராது. காரணம் கார்டு மெஷின். ஒரே இடத்தில் இத்தனை ஆயிரம் செல்பேசிகள் இருந்தால் சிக்னல் திணறும். மெஷினில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். மூன்றாவது குவார்ட்டர் பாதி போன பிறகும் வரிசை அப்படியே நிற்கும். கடைகளுக்கென்று தனியாக ஒரு கேபிள் இணைப்பு போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று அப்போதே சொன்னோம், இன்றும் சொல்கிறேன்.

மீதிப் பாதி விலையில் இருக்கிறது. அட்லாண்டாவின் மெர்சிடஸ்-பென்ஸ் அரங்கம் 2017இல் திறந்தபோது அதை நடத்தும் தரப்பு ஒரு துணிச்சலான வேலை செய்தது. ஹாட் டாக் 2 டாலர், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் சோடா 2 டாலர். வரியையும் உள்ளடக்கி எல்லாமே முழு டாலர் கணக்கு, சில்லறைக்கு வேலையே இல்லை. அங்கே நடந்த கல்லூரி ஆட்டங்களுக்கும் இதே விலைதான் வைத்தார்கள். விலையைக் குறைத்தும், முந்தைய அரங்கத்தைவிட ஒரு ரசிகர் சாப்பாட்டுக்குச் செலவழித்த தொகை கூடியது. எங்கள் கடையில் நாலு பேர் கொண்ட குடும்பம் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு இரண்டே இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கிப் போனதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதே குடும்பம் 2 டாலர் விலையில் நாலு பேருக்கும் வாங்கியிருக்கும், மறுபடியும் வந்திருக்கும்.

சரி, இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த முதல் குவார்ட்டரில் அப்பா கேட்டார்: "ஏம்மா, யாருக்கும் அடிபடலயே, ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறாங்க?" டிவியில் விளம்பரம் ஓடுகிறது என்றேன். மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் நொடிகளைக் காட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது பூஜ்யத்துக்கு வரும்வரை ஆட்டம் தொடங்காது. ஆட்டம் மொத்தம் மூன்றரை மணி நேரம் வரை இழுப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நேரத்தைச் சுருக்க 2023இல் விதியை மாற்றினார்கள்: ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களைத் தவிர, ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தாலும் (அதாவது நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினாலும்) கடிகாரம் நிற்காது. அடுத்த வருடமே அந்தக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன் ஒரு கட்டாய நிறுத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். டிவிப் பணத்தில்தான் எல்லாம் ஓடுகிறது, விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிவி விளம்பரத்துக்காகக் காத்திருக்கும் மக்கள் காதிலும் ஒலிபெருக்கி வழியாக இன்னொரு விளம்பரத்தை அலறவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த நேரத்தை பேண்டுக்குக் கொடுங்கள். முந்நூறு மாணவர்கள் கோடை விடுமுறையிலேயே வந்து வெயிலில் பயிற்சி செய்து, வாத்தியங்களோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக பேண்டு மைதானத்தில் நடந்தபடியே 'ஓஹையோ' என்ற பெயரைக் கூட்டெழுத்தில் எழுதும். கடைசியில் சூசஃபோன் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவர் ஒருவர் நிமிர்ந்து நடந்து போய் ஆங்கில 'ஐ' எழுத்தின் புள்ளியாக நிற்பார். இப்படிப் பெயர் எழுதுவது 1936இலிருந்து நடக்கிறது. ஒரு தடவை நேரில் பார்த்தேன். அந்தப் புள்ளி விழும் நொடியில் எழுந்த சத்தத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் எங்கேயும் கேட்டதில்லை. பெரும்பாலான ஒளிபரப்புகளில் இடைவேளை வந்தால் ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார்கள். பேண்டு இசை, மைதானத்தில் இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் சொத்து. அதை விளம்பரச் சத்தத்துக்கு அடியில் புதைக்கலாமா?

ஐயோவா பல்கலைக்கழகம் இருக்கும் ஐயோவா சிட்டிக்கும் போயிருக்கிறேன். அங்கே கின்னிக் மைதானத்தை ஒட்டியே பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை உயர்ந்து நிற்கிறது. 2017இலிருந்து, முதல் குவார்ட்டர் முடிந்ததும், மைதானத்தில் உள்ள அத்தனை பேரும் எழுந்து திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கையசைப்பார்கள். ரசிகர்கள், ஆட்டக்காரர்கள், நடுவர்கள், வெளியூர் அணிக்காரர்கள் எல்லோருமே. மேல்மாடி ஜன்னல்களில் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளும் பெற்றோரும் நின்று பதிலுக்குக் கையசைப்பார்கள். நான் கையைத் தூக்கினேன், அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது ஒரு ரசிகை முகநூலில் சொன்ன யோசனை. எந்த நிறுவனமும் பணம் வாங்கிக்கொண்டு திட்டம் போட்டுக் கொடுத்ததில்லை. பல்கலைக்கழகங்கள் ரசிகர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் இப்படியும் நடக்கும்.

மாணவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள் என்பது எல்லா ஊரிலும் உள்ள குறை. அலபாமா பல்கலைக்கழகம் 2019இல் இதற்கு ஒரு செயலி கொண்டுவந்தது. நாலாவது குவார்ட்டர் வரை மைதானத்தில் இருக்கிறீர்களா என்று செல்பேசி இருக்குமிடத்தை வைத்துப் பார்த்து, இருப்பவர்களுக்குப் புள்ளி தந்தது. புள்ளி அதிகம் இருந்தால் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் கிளம்புவது வெயிலாலும் பசியாலும் தாகத்தாலும். எங்கே நிற்கிறார்கள் என்று கண்காணிப்பதற்குப் பதில் அவர்கள் பகுதிக்கு இலவசமாகத் தண்ணீர் அனுப்பலாம்.

கடைசியாக ஆட்ட நேரம். பல ஆட்டங்கள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை டிவி நிறுவனங்கள் 12 நாளைக்கு முன்னால்தான் சொல்கின்றன, சில ஆட்டங்களுக்கு 6 நாளைக்கு முன்னால். பகல் பன்னிரண்டா, மாலையா, இரவு எட்டா என்று தெரியாமல் நாலு மணி நேரம் கார் ஓட்டி வருபவர் எப்படி ஹோட்டல் அறை போடுவார்? வயதானவர்களை அழைத்து வரலாமா என்பதை எப்படி முடிவு செய்வார்? செப்டம்பர் மாத ஆட்டங்களின் நேரத்தையாவது டிக்கெட் விற்கும்போதே அறிவித்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். அப்பா இந்த வருடம் மறுபடியும் வருகிறார். அக்டோபர் கடைசியில் ஓர் ஆட்டத்துக்கு, படி ஏற வேண்டாத கீழ்வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு ஆட்டம் என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இன்னும் அறிவிக்கவில்லை.